வயருக்குக் காய்ச்சல்

மிஸிக்கு ஒரு பெயர் இருந்தது. கட்டடத்துக் கொமிற்றிப் புத்தகத்தில் அதை அவரே எழுதிக் கையெழுத்தும் வைத்திருந்தார். ஆனாலும் பன்னிரண்டு வீடுகள் உள்ள எங்கள் மாடிக்குடியிருப்பில் ஒருவரும் அந்தப் பெயரால் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஆஸ்பத்திரித் தாதியை நாங்கள் மிஸி என்றுதான் சொல்லுவோம். ஓய்வுபெற்று ஆறேழு வருடமாகியும் அவர் மிஸிதான். அவர் ஓய்வுபெற்றது ஆஸ்பத்திரிக்குத் தெரியும், அவருக்குத்தான் தெரியாது என்று என் மனுசன் சொல்லுவார்.

நாங்கள் சாமான்களோடு வந்திறங்கிய அன்று லிப்ற் வாசலில் என்னை மறித்தார். பெயர் கேட்கவில்லை. கன்னத்தில் பெருவிரலை வைத்துக் கீழிமையை இழுத்துப் பார்த்தார்.

“இரத்தம் காணாது, பிள்ளை. முருங்கையிலை சாப்பிடுறனீரோ?”

“ஓம், சாப்பிடுறனான்.”

“பொய்,” என்று சொல்லிவிட்டு என் கையிலிருந்த மீன்தொட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

எதையும் தொட்டுப் பார்ப்பார். அதுவும் புறங்கையால். ஆளா, பொருளா என்ற வித்தியாசமே இல்லை. தண்ணீர் மோட்டர், கேற்றின் பிணைச்சல், மாடிப்படியில் படுத்திருக்கும் பூனை, பக்கத்து வீட்டுக் குழந்தையின் நெற்றி, எல்லாம் ஒன்றுதான். ஒருநாள் லிப்ற்றின் கதவில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். “இதுக்கு மூச்சு வாங்குது” என்றார். இரண்டாம் நாள், இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் இடையில், எங்களோடு குடியிருக்கிற வங்கிக்காரர் ஒருவரையும் அவர் வாங்கி வந்த பலாப்பழத்தையும் வைத்துக்கொண்டு லிப்ற் நின்றுவிட்டது. அதன்பிறகு அவர் எதையாவது தொட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனால்தான் எங்களுக்குப் பயம்.

யாழ்ப்பாணத்து ஆட்களை மாடிக்குடியிருப்பில் இருத்துவது லேசுப்பட்ட வேலையில்லை. இரவோடிரவாக வேலிக் கதியாலைத் தள்ளி நட்டுச் சண்டை பிடித்த வம்சம். மாடியில் வேலி அடைக்க இடமில்லை. ஆகவே அந்தச் சண்டை முழுவதும் கீழே இறங்கி, வாகனத் தரிப்பிடத்து மஞ்சள் கோடுகளில் வந்து குந்தியிருந்தது. உன் கார்ச் சில்லு என் கோட்டில், என் கண்ணாடி உன் பக்கத்தில் என்று கிழமைக்கு ஒரு வழக்கு.

அந்த இடத்துக்குத்தான் நான் ஒரு இலெக்ரிக் காரைக் கொண்டுவந்தேன்.

சாவகச்சேரியில் ஒரு நில அளவையாளரின் கந்தோரில் படம் கீறுவது என் வேலை. நல்லூரிலிருந்து அங்கே பஸ்ஸில் நின்று நின்றே காலில் நரம்பு புடைத்திருந்தது. அதையும் மிஸிதான் முதலில் கண்டுபிடித்தார். கார் வாங்குவது என்று முடிவெடுத்தபின் என்ன நிறம் என்று ஒரு கிழமை யோசித்தோம். எங்கே சார்ஜ் பண்ணுவது என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. கார் வந்து நின்றபிறகுதான் விளங்கியது: கார் நிலத்தில் நிற்கிறது, எங்கள் வீட்டுப் பிளக் நாலாம் மாடியில் இருக்கிறது.

என் மனுசன் கணக்குப் படிப்பிக்கிற ரியூசன் மாஸ்ரர். பல்கனியிலிருந்து நூல் விட்டு உயரம் அளந்தார். பிறகு அந்த உயரத்தைப்போல இரண்டு மடங்கு நீளமான வயர்ச் சுருள் ஒன்றை வாங்கி வந்தார். வேண்டியதைக் கீழே விட்டு, மிச்சத்தை உருளையில் சுற்றியபடியே பல்கனிக் கதிரையில் வைத்தார். வயர் மூன்றாம் மாடியின் உடுப்புக்கொடியைத் தாண்டி, இரண்டாம் மாடியின் கற்றாழைச் சாடிகளுக்குள்ளால் புகுந்து, முதலாம் மாடியில் மிஸியின் பல்கனியை உரசிக்கொண்டு இறங்கியது. பின்னேரம் ஐந்து மணிக்குச் செருகினோம். காரில் பச்சை விளக்கு எரிந்தது. மனுசன் கையைத் தட்டினார்.

ஐந்தே முக்காலுக்குக் கதவு தட்டுகிற சத்தம் கேட்டது.

“உங்கடை வயருக்குக் காய்ச்சல்,” என்றார் மிஸி.

“என்ன மிஸி?”

“என்ரை பல்கனியாலை போகுது. கை வைச்சுப் பாத்தன். கணகணக்குது.”

மனுசன் உடனே படிப்பிக்கத் தொடங்கினார். “மிஸி, கரண்ட் ஓடுற வயரெண்டால் கொஞ்சம் சூடு இருக்கத்தான் செய்யும். அது என்னண்டால்...”

“மாஸ்ரர், முதல்ல தொட்டுப் பாரும். பிறகு கதையும்.”

இதுதான் அவருடைய வசனம். டொக்டர்மாரிடமும் இதையே சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். மனுசன் பல்கனிக்குப் போய் உருளையில் கை வைத்தார், வைத்த வேகத்தில் எடுத்தார். சுற்றிக் கிடந்த வயருக்குள் சூடு அடைபட்டு, உருளையின் நடுப்பகுதி பிசைந்த மா மாதிரி இளகியிருந்தது. கதிரை மெத்தையில் மண்ணிறமாக ஒரு வட்டம். இன்னும் அரை மணித்தியாலம் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று மிஸி சொல்லவில்லை. பிளக்கைப் பிடுங்கி, வயரை முழுக்க இழுத்து நிலத்தில் பரப்பிப் போட்டுவிட்டு, “வெந்நீர் வைச்சுக் குடியுங்கோ. ரெண்டு பேருக்கும் முகம் வெளுத்துப்போச்சு” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அடுத்த ஒரு மாதம் நான் பட்டணத்தில் ஒரு கடைவாசலில் இருந்த சார்ஜரில் போய்க் காத்துக் கிடந்தேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் நிற்பார்கள். காருக்குள் இருந்தே கீரை ஆய்ந்தேன். இதற்குள் பலாப்பழ வங்கிக்காரரும் ஒரு இலெக்ரிக் கார் வாங்கிவிட்டார். அவர் கெட்டிக்காரர். சத்தமில்லாமல், படிக்கட்டு விளக்குக்கும் தண்ணீர் மோட்டருக்கும் போகிற பொது லைனில் செருகினார். காலையில் எல்லாரும் குளிக்கிற நேரம், கார் ஒரு பக்கம் இழுக்க மோட்டர் மறுபக்கம் இழுக்க, மெயின் சுவிற்ச் விழுந்து கரண்ட் நின்றது. பன்னிரண்டு வீட்டிலும் சவுக்கார நுரையோடு ஆட்கள் நின்றார்கள்.

அதோடு லோயர் ஐயா கூட்டம் கூட்டினார்.

வழக்கறிஞரான லோயர் ஐயா மிஸியின் எதிர்வீட்டுக்காரர். மஞ்சள் கோட்டு வழக்குகள் எல்லாவற்றிலும் அவர் ஒரு பக்கம் இருப்பார். அவருடைய மனைவிக்கு நெஞ்சு பலவீனம். நாள் முழுக்க ஒரு சின்ன ஒக்சிசன் மெசின் பக்கத்தில் உறுமிக்கொண்டிருக்க வேண்டும். அன்று மெயின் விழுந்தபோது அந்த மெசினும் நின்றது. மிஸி ஓடிப்போய், அவசரத்துக்கு வைத்திருந்த ஒக்சிசன் சிலிண்டரைத் திறந்து மூக்கில் குழாயை வைத்தார். ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் லோயர் ஐயா அன்று முழுக்கக் கட்டிலடியை விட்டு எழும்பவில்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, தரிப்பிடத்திலேயே பிளாஸ்ரிக் கதிரைகள் போட்டுக் கூட்டம். லோயர் ஐயா எழுதிக்கொண்டு வந்து வாசித்தார். இக்கட்டடத்தின் எல்லைக்குள் எந்தவொரு மின்வாகனமும் மின்னேற்றப்படலாகாது. வாசித்து முடித்துத் தாளை மடித்தபிறகு சாதாரணமாகக் கதைத்தார்.

“என்ரை மனுசியின்ரை கட்டிலுக்கு நேர கீழைதான் உந்தக் கார் நிக்குது. ஒண்டு பத்திச்சுதெண்டால் நான் அவவை எப்பிடித் தூக்கிக்கொண்டு இறங்குறது? சொல்லுங்கோ.”

நான் என் செருப்பைப் பார்த்தேன். வங்கிக்காரர் என் செருப்பைப் பார்த்தார். மிஸி எங்களுக்கு எதிராகத்தான் கதைப்பார் என்று எல்லாரும் நினைத்தோம்.

“சேர், வார்ட்டிலை சீனி வருத்தக்காரருக்கு இனிப்பு மறிக்கிறனாங்கள். மறிச்ச அண்டைக்கே தலகணிக்குக் கீழை பயித்தம் பணியாரம் வந்திடும்,” என்றார் மிஸி. “நீங்கள் மறியுங்கோ. இவை ஒளிச்சுச் செருகுவினம். உந்த வங்கிக்காரர் செய்ததைப் பாத்தனீங்கள்தானே? ஒளிச்சுச் செருகிற வயரை நான் எங்கையெண்டு தொட்டுப் பாக்கிறது? எனக்கு ஒரு கிழமை தாங்கோ.”

அந்த ஒரு கிழமையும் எங்கள் மின்வேலை அண்ணைக்குப் பெரிய சோதனை. கட்டடத்தின் மெயின் சுவிற்ச் போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, மிஸி கேட்ட கேள்விகளுக்கு அவர் ஒவ்வொன்றாகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

“மிஸி, வெளியாலை வாற லைன் இவ்வளவுதான் தாங்கும். லிப்ற்றும் மோட்டரும் ஓடேக்கை ரெண்டு காரையும் ஒண்டாப் போட்டால் திரும்பவும் மெயின் விழும். வேணுமெண்டால் இஞ்சையிருந்து தடிச்ச வயர் ஒண்டு தனியா இழுத்து, கசிவு இருந்தால் உடனே அறுக்கிற பிரேக்கர் ஒண்டும் போட்டு, காருக்கு ஒரு மீற்றர் வைக்கலாம். ஆனால் ஒண்டு முடியத்தான் மற்றது.”

“டியூட்டி மாறுற மாதிரி.”

“ஓம், அப்பிடித்தான்.”

“அப்ப ஏன் அண்ணை இவ்வளவு நேரம் இங்கிலிசிலை கதைச்சனீங்கள்?”

சார்ஜரை எங்கே வைப்பது என்பதையும் மிஸியே முடிவு செய்தார். லோயர் ஐயாவின் மனைவியின் கட்டிலுக்குக் கீழிருந்து நடக்கத் தொடங்கி, காலடி எண்ணிக்கொண்டு கேற்றடித் தூண் வரைக்கும் போனார். “இது” என்று தூணைத் தட்டினார். பக்கத்தில் தீயணைக்கிற சிலிண்டர் ஒன்றும் மணல் வாளி இரண்டும் வந்தன. லோயர் ஐயா தன் தாளை வாபஸ் வாங்கவில்லை, “ஒத்திவைக்கிறன்” என்று மட்டும் சொன்னார்.

பிறகு தூணில் மிஸி எழுதிய ரோஸ்ரர் ஒன்று தொங்கியது. திங்கள், புதன், வெள்ளி நான். மற்ற நாட்கள் வங்கிக்காரர். ஞாயிற்றுக்கிழமை சார்ஜருக்கு ஓய்வு. ஏன் ஓய்வு என்று கேட்டதற்கு, “ஆர்தான் ஏழு நாளும் வேலை செய்யிறது?” என்றார். ரோஸ்ரருக்குக் கீழே, கட்டில் தலைமாட்டில் தொங்குமே, அதைப்போல ஒவ்வொரு காருக்கும் ஒரு சார்ட். செருகின நேரம், கழற்றின நேரம், பிளக்கின் சூடு, குறிப்பு. குறிப்புகளை மிஸிதான் எழுதுவார். என் கார்: “பசி குறைவு. முழு வயிறு வேண்டாம், நூற்றுக்கு எண்பதில் நிறுத்தவும்.” வங்கிக்காரரின் கார்: “அளவுக்கு மிஞ்சிச் சாப்பிடுகிறது. வீட்டுக்காரரும் அப்படியே.”

வங்கிக்காரர் ஒரு கிழமை அவரோடு கதைக்கவில்லை.

காரோடு வந்த விளக்கப் புத்தகத்தையும் மிஸி என்னிடம் இரவல் வாங்கிப் போனார். நான் அதன் பொலித்தீன் உறையைக்கூட உரித்திருக்கவில்லை. திருப்பித் தரும்போது ஒவ்வொரு பக்கத்திலும் பென்சில் கோடு. இடையிடையே பிழைதிருத்தமும் இருந்தது.

உண்மையைச் சொல்ல வேண்டும். மிஸி வருகிறார் என்றால் ஆட்கள் ஒளிப்பார்கள். லிப்ற்றில் அவர் நிற்பதைக் கண்டு மூன்று மாடி படியேறினவர்கள் உண்டு. என் மனுசனின் மணிக்கட்டை ஒருநாள் பிடித்துப் பார்த்து, “மாஸ்ரர், நாளைக்கே இரத்தம் குடுத்துச் சோதிச்சுப் பாரும்” என்று சொல்லிவிட்டார். இவர் ஒரு கிழமை தேத்தண்ணிக்குச் சீனி போட்டுக் குடித்தே எதிர்ப்புக் காட்டினார். பிறகு சோதித்தார். பிறகு சீனி போடவில்லை. பிறகும் மிஸியைக் கண்டால் ஒளித்தார்.

அந்தக் கார்த்திகையில் மழை விட்டபாடில்லை. ஒழுங்கையில் முழங்காலளவு தண்ணீர். எங்கேயோ மரம் விழுந்து கரண்ட் நின்றது. கட்டடத்து ஜெனரேற்றர் ஒரு பகல் ஓடிவிட்டு, கரும்புகை கக்கிப் படுத்துக்கொண்டது. மறுநாள் காலை பத்து மணியிருக்கும். மிஸி மேல்மூச்சு வாங்க நாலாம் மாடிக்கு ஏறி வந்தார்.

“பிள்ளை, உம்மடை கார் எவ்வளவு சாப்பிட்டு நிக்குது?”

“எண்பது, மிஸி. நீங்கள்தானே நிப்பாட்டச் சொன்னனீங்கள்.”

“லோயற்றை மனுசிக்குச் சிலிண்டர் முடியப்போகுது. மத்தியானம் தாண்டாது. அம்புலன்சுக்கு அடிச்சால், ஒழுங்கைக்குள்ளை வரேலாது, தண்ணி வடியட்டும் எண்டினம். உம்மடை கார் கரண்ட் குடுக்கும். புத்தகத்திலை கிடக்கு. கடைசிக்கு முதல் பாகம். ஒரு பொருத்தி தந்திருப்பாங்கள், கறுப்புப் பையிலை.”

எனக்குக் கறுப்புப் பை ஒன்று இருப்பதே தெரியாது. டிக்கியின் அடித்தட்டைத் தூக்கினால், உரிக்காத பொலித்தீனோடு கிடந்தது. ஒரு பக்கம் காரின் சார்ஜ் வாயில் பொருந்தும், மறுபக்கம் சாதாரண வீட்டுப் பிளக் போகும். ஆனால் கார் கேற்றடியில் நின்றது. அங்கேயிருந்து வயர் எட்டாது. கட்டிலுக்கு நேர கீழே கொண்டுவர வேண்டும்.

நான் பின்பக்கமாக எடுத்தேன். யாரோ பின்னால் நின்று கைகாட்டினார்கள். “வாரும், வாரும், இன்னும் வாரும், பயப்பிடாமல் வாரும்.” கண்ணாடியில் பார்த்தால் லோயர் ஐயா. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கணுக்காலளவு தண்ணீருக்குள் நின்றார்.

என் மனுசன் வயரை, இந்தமுறை ஒரு சுற்றுக்கூட மிச்சம் வைக்காமல், முழுவதும் அவிழ்த்து மேலே எறிந்தார். மிஸி லோயர் ஐயாவின் பல்கனியில் நின்று பிடித்தார். நான் பொருத்தியைச் செருகி, திரையில் புத்தகம் சொன்ன இடத்தைத் தொட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. திரும்பவும் தொட்டேன்.

“பூட்டித் திறவும்!” என்று மேலேயிருந்து மிஸியின் சத்தம் வந்தது. “காரைப் பூட்டித் திறந்தால்தான் எடுக்குமெண்டு கிடக்கு!”

பூட்டித் திறந்தேன். ஒரு ‘டிக்’ கேட்டது. மேலே, மெதுவாக, அந்த மெசின் உறுமத் தொடங்கியது. அந்த உறுமலைத் தன் தலைக்கு மேல் கேட்டபடி லோயர் ஐயா பக்கத்துத் தூணில் சாய்ந்தார். கண்ணைத் துடைத்தாரா, மழைத்தண்ணீரைத் துடைத்தாரா தெரியவில்லை.

“மிஸி, உது பாதுகாப்போ?” என்று மட்டும் கேட்டார்.

“தொட்டுப் பாத்திட்டன், சேர். குளிராக் கிடக்கு.”

காற்று தூவானத்தைத் தரிப்பிடத்துக்குள் அடித்தது. பொருத்தி நனைந்துவிடும் என்று லோயர் ஐயா தான் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகிற குடையைக் கொண்டுவந்து, விரித்து, காருக்குப் பிடித்தபடி நின்றார். இந்தக் கட்டடத்தில் மின்வாகனமே கூடாது என்று எழுதி வாசித்த மனிதர் என் காருக்குக் குடை பிடித்து நிற்கிறார். என் மனுசன் அதைப் படமெடுக்கப் போனார். நான் போனைப் பறித்துவிட்டேன். சாப்பாட்டு நேரம் வங்கிக்காரர் வந்து குடையை மாற்றிப் பிடித்தார். அதற்கும் மிஸி ஒரு ரோஸ்ரர் போட்டிருந்தார்.

அடுத்தநாள் பின்னேரம் கரண்ட் வரும்வரைக்கும் அந்த மெசின் நிற்கவில்லை. காரில் பாதிகூடக் குறையவில்லை. லோயர் ஐயாவுக்குத் தடிமன் பிடித்தது. மிஸி அவருக்கு மல்லித்தண்ணி வைத்துக் கொடுத்துப் பேசின பேச்சு நாலாம் மாடிவரைக்கும் கேட்டது.

அடுத்த கூட்டத்தில் லோயர் ஐயா புதுத் தாள் ஒன்றை வாசித்தார். மழைக்காலங்களில் குறைந்தது ஒரு மின்வாகனமாவது முதலாம் மாடிக்கு நேர் கீழே, போதிய மின்னேற்றத்துடன், கட்டாயம் நிறுத்தப்படல் வேண்டும். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. மிஸி மட்டும் கையை உயர்த்த மறந்து, முன்வரிசைக்காரர் ஒருவரின் கழுத்தில் இருந்த கட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன சித்திரைக்குப் பிறகு மிஸி வீட்டைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பண்டத்தரிப்பில் இருந்த தமக்கைக்குச் சீனி வருத்தம், காலில் மாறாத புண். தனியாக விடேலாது என்றார். இரண்டு சூட்கேசும் ஒரு தையல் மெசினும்தான் சாமான். நான்தான் காரில் ஏற்றிப் போனேன். தோட்டவெளி வந்தபிறகு, வெங்காயப் பாத்திகளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“பிள்ளை, நான் உங்களுக்கெல்லாம் கரைச்சலாத்தான் இருந்தனானோ?”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். கீழிமையை இழுத்துப் பார்க்காத குறைதான்.

“ஓம் மிஸி. நல்ல கரைச்சல்.”

தலையை ஆட்டினார். கோபமில்லை. “வார்ட்டிலையும் அப்பிடித்தான். சுகமாகி, துண்டு வெட்டி வீட்டை போறவைதான் வாசல்லை நிண்டு சொல்லுவினம், நீங்கள் சரியான கரைச்சல் மிஸி எண்டு. வீட்டை போகாத ஆக்கள் ஒண்டும் சொல்லுறேல்லை.”

காரை மெதுவாகவே விட்டேன்.

தமக்கையின் வீட்டுப் படலையில் நிறுத்தினேன். உள்ளேயிருந்து ஒரு மெல்லிய குரல், “வந்திட்டியோடி? வா, முதல்ல ஒரு தேத்தண்ணி குடி” என்றது. நான் சூட்கேசை இறக்குவதற்குள் மிஸி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டார்.

“தேத்தண்ணி பிறகு,” என்று அவருடைய குரல் வாசலுக்குக் கேட்டது. “காலைக் காட்டுங்கோ அக்கா.”